கட்டுமரமும் கட்டமரானும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் லங்காவித் தீவுப் பயணம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து ஓர் ஆசை பிடித்து ஆட்டுகிறது. எனக்கு வயது 53. சிங்கப்பூரில் வேலை, இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். நானும் மனைவியும் ராத்திரி ஆனால் யூடியூபில் கட்டமரானில், அதாவது இரட்டை உடல் பாய்மரப் படகில், உலகம் சுற்றுகிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பழைய படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம், 45 அடி. உள்ளே வாஷிங் மெஷின்கூட இருக்கிறது. சாதாரணப் பாய்மரப் படகு போலச் சாயாது, அதனால் பாதுகாப்பு என்கிறார்கள். ஆனால் பராமரிப்பு எவ்வளவு என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. நீங்கள் சொல்லுங்கள். இன்னொன்று, நம் கட்டுமரத்தைத்தான் வெள்ளைக்காரன் கட்டமரான் ஆக்கினான் என்று மனைவியிடம் பெருமையடித்துவிட்டேன். சரிதானே?

ரா.

அன்புள்ள ரா.,

பெருமை பாதிதான் செல்லும். பெயர் நம்முடையது, படகு வேறு ஆளுடையது. சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போவதைப் பார்த்த வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, 1697இல் வெளிவந்த தன் பயண நூலில் அந்தப் பெயரை எழுதிவைத்தார். நம் கட்டுமரத்தில் மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் ஊடே ஏறி இறங்கும், உட்கார்ந்தவன் நனைந்துகொண்டேதான் போவான். இரண்டு உடலைத் தள்ளி வைத்து நடுவில் தளம் போடுவது பாலினேசியர்களின் வேலை. பசிபிக்கில் ஆயிரக்கணக்கான மைல் அவர்கள் போனது அப்படிப்பட்ட படகுகளில்தான். 1876இல் நத்தானியேல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகை நியூயார்க் போட்டியில் விட்டு மற்றவர்களைத் தோற்கடித்தார். இது படகே இல்லை என்று சொல்லித் தகுதி நீக்கிவிட்டார்கள். அந்த வகைக்குத்தான் கடைசியில் நம் பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவியிடம் இப்போதே திருத்திச் சொல்லிவிடுங்கள். நடுக்கடலில் இந்தச் சண்டை வேண்டாம்.

ஆனால் கட்டுமரத்தை நான் பேச்சில் இழுப்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுக் காயவிடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்தால் கடலில் ஓடாது. கடலுக்குப் போகும்போது திரும்பக் கட்டு. எந்த மரம் வெடித்திருக்கிறது, எந்தக் கயிறு நைந்திருக்கிறது என்பதெல்லாம் தானாகவே கண்ணில் பட்டுவிடும். 1950களில் ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர் பாலினேசியப் படகுகளைப் பார்த்துத் தானே கட்டமரான் செய்து அட்லாண்டிக்கைக் கடந்தார். அவர் வடிவமைத்த படகுகள் பலவற்றில் குறுக்கு உத்தரங்களை இன்றும் கயிற்றால்தான் உடலோடு கட்டுகிறார்கள். போல்ட் கிடையாது. பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் கயிறு நைந்தால் தெரியும், புதுக்கயிறு போட்டால் தீர்ந்தது.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 45 அடி ஃபைபர் படகை அப்படி அவிழ்க்க முடியாது. எல்லாம் உள்ளே, பலகைக்குப் பின்னால், மெத்தைக்குக் கீழே இருக்கும். அதனால் படகை அவிழ்ப்பதற்குப் பதில் நீங்கள் உள்ளே நுழைய வேண்டும். அதுவும் இரண்டு தடவை. எஞ்சின் இரண்டு, சுக்கான் இரண்டு, அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு இரண்டு பக்கமும். பலருடைய கணக்கில் விழாத விஷயம் இது.

நண்பர் ஒருவரின் 38 அடி கட்டமரானில் மூன்று சீசன் எடுபிடியாக இருந்தவன் நான். சொந்தப் படகு கிடையாது, அதனால் தைரியமாகப் பேசுகிறேன். ஒருநாள் லங்காவிக்குத் திரும்பும்போது காற்று செத்துவிட்டது. இரண்டு எஞ்சினையும் போட்டுக்கொண்டு வந்தோம். வலது பக்கப் புகைக்குழாயில் தண்ணீர் துப்பும் சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தால் வெறும் புகை. உடனே அணைத்தோம். கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பின் உள்ளே இம்பெல்லர் என்று ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும், உள்ளங்கையில் அடங்கும். பம்பின் மூடியைக் கழற்றினால் ஆறு இதழில் இரண்டைக் காணோம். புதுசு போட பத்து நிமிஷம். காணாமல் போன இரண்டு துண்டையும் தேடத்தான் இரண்டு மணி நேரம். அவை குழாயில் போய் அடைத்துக்கொண்டால் புது இம்பெல்லரும் பிரயோஜனமில்லை. ஒன்று முதல் வளைவிலேயே கிடைத்தது. மற்றதுக்காக நண்பர் எஞ்சின் மேல் தலைகீழாகக் கவிழ்ந்து ஒவ்வொரு குழாயாகப் பிடுங்கினார். நான் டார்ச் அடித்தேன், அடித்துக்கொண்டே வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் எஞ்சின் சூட்டைக் கடல் தண்ணீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் கறுப்பாக ஒரு நகத்துண்டு போல உட்கார்ந்திருந்தது. சுடு டீசல் நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை.

அதுவரை இடது எஞ்சின் எங்களை மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தது. இரண்டு இருப்பதன் லாபம் அது. ஆனால் ஒற்றை எஞ்சினில் படகு ஒரு பக்கம்தான் ஆசையாகத் திரும்பும், படகுத்துறையில் கட்டும்போது அது தெரியும்.

இந்தப் படகுகளில் செயில்டிரைவ் என்று ஒன்று இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள். படகின் அடியில் ஒரு பெரிய ஓட்டை போட்டு, புரொப்பெல்லர் காலை அதன் வழியே கீழே இறக்கியிருப்பார்கள். கடலுக்கும் உங்கள் கட்டிலுக்கும் நடுவே இருப்பது ஒரு ரப்பர் வளையம். எஞ்சின் செய்யும் வோல்வோ பென்டா கம்பெனி அதை 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. விற்பவர் 'போன வருஷம்தான் மாற்றினோம்' என்றால் ரசீதைக் கேளுங்கள்.

அடிப்பகுதி விஷயம். வெப்பக் கடலில் படகு நின்றால் பாசியும் சிறு சிப்பியும் அப்பிக்கொள்ளும், வேகம் போய்விடும். வருஷத்துக்கொரு தடவை மேலே தூக்கி, சுரண்டி, பாசி பிடிக்காத பெயிண்ட் அடிக்க வேண்டும். இங்கேதான் அகலம் உதைக்கும். 45 அடி கட்டமரான் கிட்டத்தட்ட 25 அடி அகலம், படகைப் பழுதுபார்க்கும் எல்லா யார்டிலும் தூக்குகிற வசதி இருக்காது. இன்னொரு வழி, ஆழம் குறைவாக மிதப்பதால், வற்று நேரத்தில் மணல்திட்டில் அப்படியே உட்கார வைத்துவிடலாம். லங்காவியில் பெரிய வற்று நாட்களில் தண்ணீர் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கும். ஐந்தாறு மணி நேரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று ஒருபக்கம் சுரண்டி முடிக்கலாம். திரும்பத் தண்ணீர் ஏறும்போது படகு சிலிர்த்துக்கொண்டு எழும் பாருங்கள், அதற்காகவே நான் இரண்டு தடவை போயிருக்கிறேன்.

இனி, சாயாது என்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். ஒற்றை உடல் படகு காற்று கூடினால் சாயும், பாத்திரம் உருளும், மனைவி திட்டுவார். பாயைச் சுருக்கச் சொல்லி அது உங்களிடம் முறையிடுகிறது. கட்டமரான் முறையிடாது. காபி டம்ளர் நகராமல் இருக்க, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் மட்டும் மொத்த பாரத்தையும் சுமந்துகொண்டிருக்கும். அதனால்தான் கட்டமரானில் மனசு சொல்வதைக் கேட்காமல் காற்றுமானியைப் பார்த்துப் பாயைச் சுருக்குவார்கள். நண்பர் படகில் காற்றின் வேகம் 18 நாட் (மணிக்குச் சுமார் 33 கி.மீ.) ஆனால் முதல் சுருக்கு, 24 ஆனால் இரண்டாவது. உங்கள் படகின் கையேட்டில் அதற்கான அட்டவணை இருக்கும். ஒருமுறை முழுசாகக் கவிழ்ந்தால் தானாக நிமிராது, மிதக்கும், அவ்வளவுதான். லங்காவிப் பக்கம் தென்மேற்குப் பருவக் காலத்தில் 'சுமாத்ரா' என்று ஒரு புயல்காற்று விடியலுக்கு முன் வந்து அடிக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்தும் போகும். ராத்திரியே பாயைச் சுருக்கிவைத்தவன் தூங்கலாம்.

வாஷிங் மெஷின் வேண்டாம். எடை ஏறினால் கட்டமரான் தண்ணீரில் அமிழ்ந்துவிடும், நடுத்தளத்தின் அடியில் அலை வந்து பளார் பளார் என்று அறையும். 45 அடியும் வேண்டாம் என்பேன். 38 போதும், வருஷச் செலவும் குறையும். படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷத்துக்குப் போகும் என்று படகுக்காரர்கள் வாய்ப்பாடு போலச் சொல்வார்கள். நண்பருக்கு ஒரு வருஷம் அதையும் தாண்டியது.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். அதைவிட, ஒரு வாரம் யார்டில் வேலை செய்து பாருங்கள், இருவரும். ஜனவரியில் நண்பர் படகைத் தூக்குகிறார், ஆள் வேண்டும் என்கிறார். சாப்பாடு அவர் பொறுப்பு. பழைய சட்டை இரண்டு எடுத்து வையுங்கள், அந்தப் பெயிண்ட் துணியில் பட்டால் போகவே போகாது.