பிழையோடு வந்த பிழை திருத்துநர் விளம்பரம்

கேள்வி: துணைப்பாட ஆசிரியராக இருக்கிறேன், பதிப்புத் துறைக்கு மாற ஆசை. அண்மையில் ஒரு விளம்பரம் பார்த்தேன்: "எங்கள் பதிப்பகத்திற்கு தமிழ் பிழை திருத்துநர் தேவை. ஒரு ஆண்டு அனுபவம் வேண்டும். 35 வயதுக்கு உட்பட்ட பெண்கள் விரும்பத்தக்கது. மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்பு, சமூக ஊடகப் பதிவு தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பங்கள் வரவேற்க்கப்படுகிறது." பிழை திருத்த ஆள் கேட்கும் விளம்பரத்திலேயே இவ்வளவு பிழை! 'பதிப்பகத்திற்குத்', 'பிழைத் திருத்துநர்', 'ஓர் ஆண்டு', 'வரவேற்கப்படுகின்றன' என்று திருத்தி, விண்ணப்பத்தோடு அனுப்பலாமா? இல்லை, இந்த இடமே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?
ஜூரோங் வாசகி

பதில்: விண்ணப்பியுங்கள். திருத்தப் பட்டியலை மட்டும் அனுப்ப வேண்டாம். அதில் ஒரு திருத்தம் தவறு.

'பிழை திருத்துநர்' என்று ஒற்று இல்லாமல் எழுதியதே சரி. பிழையைத் திருத்துபவர் என்பது பொருள். இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்து நிற்கிற இத்தகைய தொடரில் வல்லினம் மிகாது. 'நீர் குடித்தான்', 'நன்றி கூறினார்' போல. 'ஐ' வெளியே தெரிந்தால் மிகும்: பிழையைத் திருத்து, பிழைகளைத் திருத்த. ஒற்றை விட்டுவிட்டால் கவனக்குறைவு என்று எண்ணி மன்னித்துவிடுவார்கள். வேண்டாத இடத்தில் போட்டால், இவருக்கு விதி தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். இன்னொன்று, ஒற்று மிக வேண்டிய 'தமிழ்ப் பிழை' உங்கள் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

'ஓர் ஆண்டு' இலக்கணப்படி சரிதான். ஆனால் உயிரெழுத்துக்கு முன்னும் 'ஒரு' என்றே எழுதுகிற இதழ்கள் நிறைய உண்டு. அது அந்தந்த நிறுவனத்தின் நடைக் கொள்கை. வேலைக்குச் சேரும் முன்பே அதில் கை வைப்பது அழகல்ல.

கடைசி வாக்கியத்துக்குத்தான் சமாதானமே கிடையாது. விண்ணப்பங்கள் பன்மை, வினைமுற்று ஒருமை; அதை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். கூடவே 'ற்'க்குப் பின்னால் ஒரு 'க்'. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. 'முயற்ச்சி' என்று எழுதுகிறவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

இவற்றை வைத்து நிறுவனத்தை எடைபோடாதீர்கள். இங்கே சிங்கப்பூரில் பல விளம்பரங்களை மனிதவளப் பிரிவு ஆங்கிலத்தில் எழுதுகிறது; பிறகு யாரோ ஒருவரோ ஒரு செயலியோ அதைத் தமிழாக்குகிறது. படித்துப் பார்க்க அங்கே தமிழ் தெரிந்த ஆள் இல்லை. இல்லாததால்தானே ஆள் தேடுகிறார்கள்!

நீங்கள் பட்டியலில் சேர்க்காத மூன்றாவது வாக்கியம்தான் எனக்கு உறுத்துகிறது. 'பெண்கள் விரும்பத்தக்கது' என்ற தொடரின் அலங்கோலத்தை விடுங்கள். வயதையும் பாலினத்தையும் தகுதியாகச் சொல்லி விளம்பரம் செய்வது, நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள்) வழிகாட்டி நெறிமுறைகளுக்கு எதிரானது. மொழியைக் கேட்கலாம், வேலைக்கு அது தேவை என்று காட்ட முடிந்தால். தமிழ்ப் பிரதியைத் திருத்தத் தமிழ் வேண்டும். அதில் கேள்வி இல்லை. 'இந்தியர் மட்டும்' என்று போட்டால் அது வேறு கதை. பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியிருக்கும் நிலையிலும் இப்படி எழுதுகிறார்கள் என்றால், கவனக்குறைவு மொழியில் மட்டும் இல்லை. வயது காரணமாக உங்களை ஒதுக்கினால் அந்த நெறிமுறைகளைக் கவனிக்கும் டஃபெப் (TAFEP) அமைப்பிடம் முறையிடலாம்.

அடுத்தது வேலையின் அளவு. மொழிபெயர்ப்பும் பக்க வடிவமைப்பும் சமூக ஊடகமும் ஒரே ஆள் தலையில். நீங்களே மொழிபெயர்த்து நீங்களே திருத்தினால், உங்கள் பிழை உங்கள் கண்ணில் படாது. எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும். நேர்முகத்தில் இதை நேராகக் கேளுங்கள்: அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் படிப்பவர் யார்? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசே நிதி (மத்திய சேம நிதி) போன்ற சுருக்கங்களுக்கும் சிராங்கூன், தோ பாயோ போன்ற இடப்பெயர்களுக்கும், எப்படி எழுதுவது என்று சொல்லும் நடைக்கையேடு உண்டா? 'எல்லாம் நீங்கதான்' என்று பதில் வந்தால், சம்பளத்தை அதற்கேற்பப் பேசுங்கள். ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள். விலகுவதற்கு இது நல்ல காரணம். ஒற்றுப் பிழை அல்ல.

விண்ணப்பக் கடிதத்தில் விளம்பரத்தின் சொற்களை வெட்டி ஒட்டாதீர்கள். பழைய எழுத்துருவில் அடித்து ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிய பிரதிகளில் 'ஆசிரியர்' என்பதன் கடைசி எழுத்து, துணைக்காலின் மேல் புள்ளி வைத்ததாக இருக்கும்: ஆசிரியா். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தேடினால் அகப்படாது. சந்தேகம் வந்தால் புள்ளியை அழித்துப் பாருங்கள்; எஞ்சுவது ரகரமா, துணைக்காலா என்று தெரிந்துவிடும்.

விளம்பரப் பிழைகளைப் பற்றி அவர்களே கேட்டால் சொல்லுங்கள். அப்போதும் 'வரவேற்க்கப்படுகிறது' ஒன்றை எடுத்து, இரண்டு பிழைகளையும் காரணத்தோடு விளக்கினால் போதும். கடிதத்தைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். அவர்கள் கணினியில் என்ன எழுத்துரு இருந்தாலும் கொம்பும் காலும் இடம் மாறாது.