1750-களின் கப்பலில் பக்கிள் துப்பாக்கி வைக்கலாமா?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து, 1750-களின் கடற்போரை வைத்து ஒரு வீடியோ கேம் செய்கிறோம். கப்பலில் பக்கிள் துப்பாக்கி வைக்கலாமா? எவ்வளவு வேகமாகச் சுடவிடலாம்?

பதில்: தாராளமாக வைக்கலாம். நிமிடத்துக்கு ஒன்பது குண்டுக்கு மேல் மட்டும் போகாதீர்கள்.

லண்டன் வழக்கறிஞர் ஜேம்ஸ் பக்கிள் 1718-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1722-இல் மழைக்கு நடுவே நடந்த காட்சியில் ஒரே ஆள் 7 நிமிடத்தில் 63 முறை சுட்டதாக அன்றைய செய்தித்தாள் எழுதியது. அந்த ஒன்பது அங்கிருந்து வருவதுதான். மஸ்கட் என்ற அக்காலத்து நீளத் துப்பாக்கியில் நல்ல பயிற்சியுள்ள வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான் என்பதால், பார்த்தவர்கள் அசந்துதான் போயிருப்பார்கள்.

முக்காலியின் மேல் ஒரே குழல், அதன் பின்னால் குண்டு நிரப்பிய அறைகள் கொண்ட உருளை. ஒவ்வொரு முறை சுட்டதும் பின்புறக் கைப்பிடியைத் திருகித் தளர்த்தி, உருளையைக் கையால் அடுத்த அறைக்குத் திருப்பி, மறுபடி இறுக்கிவிட்டுத்தான் சுட வேண்டும். தீப்பொறி கொடுப்பது சிக்கிமுக்கிக் கல். அறைகள் காலியானால் உருளையையே கழற்றி, நிரப்பி வைத்த வேறொன்றை மாட்டலாம். தானே குண்டேற்றிக்கொள்ளும் மாக்சிம் துப்பாக்கி வர 1880-கள் ஆயின.

'எம்பயர்: டோட்டல் வார்' என்ற கேம் பீரங்கிப் படைபோல இதை அணி அணியாக நிறுத்த விடுகிறது. 'அசாசின்ஸ் கிரீட் ரோக்' கேமில் கப்பலிலிருந்து சரமாரியாகச் சுடலாம். விளையாட ஜோராகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வழியில் போகாதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். எதிரி பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது திருகை இறுக்கும் அந்த ஐந்து விநாடிப் பதற்றம் வேறெந்த ஆயுதத்திலும் கிடைக்காது.

கணக்கு இப்படி வைத்துப் பாருங்கள்: உருளையில் ஒன்பது அறைகள், குண்டுக்குக் குண்டு 5 விநாடி, உருளை மாற்ற 20 விநாடி. நிமிடத்துக்குச் சரியாக ஒன்பது வந்துவிடும். குழலின் விட்டம் ஏறக்குறைய 32 மி.மீ. என்பதால் ஆட்களையும் சிறு படகுகளையும் தாக்கட்டும். கப்பலின் உடலைத் துளைக்க வேண்டாம்.

கிறிஸ்தவர்களுக்கு உருண்டைக் குண்டு, துருக்கியர்களுக்குச் சதுரக் குண்டு என்ற கொடூர யோசனையும் காப்புரிமையிலேயே இருக்கிறது. வரலாற்றுக் குறிப்பாகக் காட்டுங்கள். கூடுதல் சேதம் தரும் மேம்பாடாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கேம் முழுவதற்கும் ஒன்றிரண்டு போதும். இராணுவம் இதை வாங்க மறுத்துவிட்டது. 1722-இல் கரீபியக் கடலின் செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட் தீவுகளில் குடியேற்றம் அமைக்க ஆளனுப்பிய மான்டேகு பிரபு இரண்டு வாங்கினார். அவை போரில் சுட்டதற்குச் சான்றில்லை. எனவே அரச கடற்படைக் கப்பலைத் தவிர்த்து, வசதியான தனியார் ஒருவரின் கப்பலில், முப்பது வருடப் பழைய சாமானாக இதை வையுங்கள்.