அழுதுகொண்டே அடுக்கிய காய்கள்

அன்புள்ள ஐயா,

என் தாயார் மறைந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. பிரார்த்தனைக்கு அமர்ந்தாலே அழுகை வந்துவிடுவதால் பாதியில் எழுந்துவிடுகிறேன். இறுதி ஆட்டத்திலும் முகம் மாறாத விளையாட்டு வீரர்களைப் பார்க்கையில், இறைநம்பிக்கை இருந்தும் எனக்கு அந்த நிதானம் வாய்க்கவில்லையே என்று வெட்கமாக இருக்கிறது. என் நம்பிக்கை பலவீனமானதா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் துயரில் பங்குகொள்கிறேன். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. அந்த வீரர்களின் முகத்தை வைத்து மனத்தை அளந்துவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில், சீன வீரர் டிங் லிரென் தமது 55ஆம் நகர்வில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தபோது, எதிரே இருந்த 18 வயது குகேஷின் முகத்தில் பரபரப்பு அப்பட்டமாகவே தெரிந்தது. ஆயினும் அவர் தம்மை அடக்கிக்கொண்டு, ஆட வேண்டியதை ஆடி முடித்தார். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டதும் குகேஷ் முகத்தை மூடி அழுதார். அழுதுகொண்டே காய்களை அவற்றின் தொடக்கக் கட்டங்களில் திரும்ப அடுக்கினார். என் நினைவில் நிற்பவை அந்தக் கைகள்தாம். கண்ணீர் அவற்றை நிறுத்தவில்லை.

அது ஆனந்தக் கண்ணீர், என்னுடையது அப்படியல்லவே என்பீர்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் முன்னிலையில் ஓடிய பிரேசில் வீரர் வான்டர்லெய் டி லிமாவை, 35 கிலோமீட்டர் கடந்த நிலையில், ஒருவன் பாய்ந்து பார்வையாளர் கூட்டத்துக்குள் தள்ளினான். விடுபட்டு மீண்டும் ஓடிய அவரை வழியில் இருவர் முந்தினர். மூன்றாவதாக அரங்கில் நுழைந்தவர் கைகளை விரித்து, சிரித்தபடி ஓடி முடித்தார். அந்த அநீதி அவரை வலிக்கச் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வலி அவரைப் பாதையிலிருந்து விலக்கவில்லை, அவ்வளவே.

இந்த நிதானம் நெருக்கடி நாளில் திடீரென்று முளைப்பதில்லை. டென்னிஸ் வீரர் ஒவ்வொரு சர்வீசுக்கும் முன் பந்தைத் தரையில் தட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். யாரும் பார்க்காத பயிற்சி நாட்களிலும் அவர் அதைத்தான் செய்கிறார். மனம் தடுமாறும் பொழுதில் கை தானாக அந்தப் பழக்கத்தைப் பற்றிக்கொள்கிறது. இத்தனை ஆண்டுகள் நீங்கள் செய்த பிரார்த்தனையும் அத்தகைய பயிற்சியே. மூன்று மாதங்களாக அழுதாலும் மறுநாள் திரும்ப வந்து அமர்கிறீர்களே, நம்பிக்கை இல்லாதவரால் அது முடியுமா?

ஆகவே அழுகை நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளை அமரும்போது நீண்ட பிரார்த்தனை வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான ஒரு வரி போதும். குரல் உடைந்தால் உடைந்த குரலிலேயே அதைச் சொல்லி முடித்துவிட்டு எழுந்திருங்கள்.