ப்ரொசீஜர் ஓடுகிறது, எக்செலுக்கு மட்டும் வரிசைகள் வரவில்லை. ஏன்?

கேள்வி: மருந்து மொத்த விற்பனை நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பார்ட்டி வாரியாகப் பாக்கியைக் கணக்கிட எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு ஸ்டோர்டு ப்ரொசீஜர் (சர்வரிலேயே சேமித்து வைத்து, பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைத் தொகுப்பு) எழுதினேன். இன்வாய்ஸ்களைத் தற்காலிக டேபிளில் சேர்த்து, வரவைக் கழித்து, கடைசியில் செலக்ட் செய்கிறது. எஸ்க்யூஎல் சர்வருக்கான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ மென்பொருளில் ஓட்டினால் சரியாக வருகிறது. எக்செல் மேக்ரோவிலிருந்து ஏடிஓ (டேட்டாபேஸோடு பேச உதவும் மைக்ரோசாஃப்ட் இணைப்பு) வழியாக அழைத்தால், ஆப்ஜெக்ட் மூடியிருக்கிறது என்று 3704 எண் பிழை. பதிலை ரிட்டர்னில் அனுப்ப வேண்டுமா, அவுட்புட் பாராமீட்டரிலா?

பதில்: இரண்டும் வேண்டாம். கடைசியில் செலக்ட் வைத்திருக்கிறீர்களே, அதுதான் சரியான வழி. ரிட்டர்ன் ஒரே ஒரு முழு எண்ணைத்தான் தரும்; வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்ல அது போதும். அவுட்புட் பாராமீட்டர், மொத்தப் பாக்கி போன்ற தனி மதிப்புகளுக்கு. வரிசைகளை அனுப்ப செலக்ட்தான்.

அப்புறம் ஏன் பிழை? ஒவ்வொரு இன்சர்ட்டும் அப்டேட்டும் முடிந்ததும், ‘இத்தனை வரிசைகள் மாறின’ என்று சர்வர் ஒரு சேதி அனுப்பும். ஸ்டுடியோ அதை மெசேஜஸ் பகுதியில் காட்டிவிட்டு, வரிசைகளைத் தனியே கட்டத்தில் போட்டுவிடும். அதனால் அங்கே குறை எதுவும் தெரியாது. ஏடிஓவோ அந்தச் சேதியையும் ஒரு விடையாக எடுத்துக்கொண்டு, மூடிய ரெக்கார்ட்செட் (வரிசைகளை ஏந்தி வரும் ஆப்ஜெக்ட்) ஒன்றை முதலில் உங்கள் கையில் கொடுக்கிறது. நீங்கள் தேடும் வரிசைகள் அதற்குப் பின்னால் நிற்கின்றன.

ப்ரொசீஜரின் முதல் வரியாக ‘செட் நோகவுண்ட் ஆன்’ என்று போடுங்கள். சேதிகள் நின்றுவிடும். எத்தனை வரிசை மாறியது என்று உள்ளே ரோகவுண்ட் வைத்துப் பார்க்கிறீர்கள் என்றால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்போல வேலை செய்யும். மேக்ரோவில், அடுத்த விடைக்கு நகரும் நெக்ஸ்ட்ரெக்கார்ட்செட் போட்டும் தப்பிக்கலாம்தான். ஆனால் நாளைக்கு ப்ரொசீஜரில் இன்னொரு இன்சர்ட் சேர்த்தால், அதை அழைக்கும் எல்லா மேக்ரோக்களையும் திருத்த வேண்டிவரும். ஜாவாவிலிருந்து அழைக்கும்போது ‘ரிசல்ட் செட் வரவில்லை’ என்ற பிழை வருவதற்கும் பல நேரம் இதே காரணம்தான்.

வேறொருவர் அந்த வரிசைகளை நம்பி வேலை செய்கிறார் என்பதை மறக்காதீர்கள். செலக்டில் நட்சத்திரக் குறி போடாமல், காலம் (நெடுவரிசை) பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். டேபிளில் யாரோ புதிதாக ஒரு காலம் சேர்த்ததால் எக்செல் தாளில் பாக்கித் தொகை நகர்ந்து அடுத்த காலத்தில் விழுந்தால், அது பிழையாகக்கூடத் தெரியாது. தப்பான கணக்கு ஒழுங்கான கணக்குபோலவே இருக்கும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

மேக்ரோவில் தேதியை எழுத்தாக ஒட்டி அனுப்பாதீர்கள். தேதி வகைப் பாராமீட்டராகவே அனுப்புங்கள். சர்வரில் அந்த லாகினுக்கு உள்ள மொழி அமைப்பைப் பொறுத்து 05/04 என்பது ஏப்ரலாகவும் மே மாதமாகவும் படிக்கப்படும். எழுத்தாகத்தான் அனுப்ப முடியும் என்றால், 20240405 என்று எட்டு இலக்கமாக அனுப்பினால் குழப்பம் வராது. எல்லா மதிப்புகளையும் பாராமீட்டராக அனுப்பினால், எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (மதிப்புக்குள் கட்டளையை ஒளித்து அனுப்பும் தாக்குதல்) பயமும் பெருமளவு குறையும்.

அனுமதி விஷயத்தில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. மேக்ரோ பயன்படுத்தும் லாகினுக்கு டேபிள்களைத் திறந்துவிட வேண்டியதில்லை. அந்த ப்ரொசீஜரை எக்ஸிக்யூட் செய்யும் உரிமை மட்டும் போதும். டேபிளும் ப்ரொசீஜரும் ஒரே உரிமையாளருடையதாக இருக்க வேண்டும். உள்ளே டைனமிக் எஸ்க்யூஎல் (ஓடும்போதே எழுத்தாகக் கட்டி இயக்கும் கட்டளை) எழுதினால் இந்த வசதி கிடைக்காது.

இதை அப்படியே வேறு டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆரக்கிளில் ரெஃப் கர்சரை (விடை வரிசைகளைச் சுட்டும் குறிப்பு) அவுட் பாராமீட்டராகக் கொடுப்பது வழக்கம். போஸ்ட்கிரெஸில் டேபிளைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் எழுதுவதே எளிது. அங்கே ப்ரொசீஜர் என்பதே 2018இல், 11ஆம் பதிப்பில்தான் வந்தது.

திருத்திய பிறகு ஸ்டுடியோவில் உங்கள் அட்மின் லாகினில் ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மேக்ரோவின் லாகினிலேயே, எக்செலிலிருந்தே, பாக்கி எதுவும் இல்லாத ஒரு பார்ட்டியையும் கொடுத்துப் பாருங்கள். காலம் தலைப்புகள் மட்டும் வந்து வரிசை எதுவும் வராமல் இருந்தால், அது சரியான விடை.