வாக்கை வாயால் சொல்லாத சனம்

தம்பி, நீங்கள் ஒரே மூச்சில் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வேலைத்தள உணவறையில் "டோரிகள் திரும்பி வந்தால்தான் இந்த நாடு உருப்படும்" என்று ஒருவரும், "அந்தப் பதினான்கு வருடத்தை அதற்குள் மறந்துவிட்டாயா" என்று இன்னொருவரும் வாதாடியதைக் கேட்டுவிட்டு, டோரிகள் என்று அழைக்கப்படும் கொன்சர்வேட்டிவ் கட்சியின் ஆட்சியைப் பற்றி இந்தப் பிரித்தானிய நாட்டுச் சனம் உண்மையில் என்ன நினைக்கிறது என்பது முதலாவது. திறன் தொழிலாளர் விசாவில் வந்து நான்கு மாதமே ஆன உங்களுக்கு எந்தக் கட்சி நல்லது என்பது இரண்டாவது. லண்டனில் அறையை ஹரோவில் எடுப்பதா, ஈஸ்ட்ஹாமில் எடுப்பதா என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைய வாடகை விபரம் உங்கள் வயதுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். முதலாவதைத்தான் நானும் ஒரு காலத்தில் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்து ஏமாந்தேன் என்பதால், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் 1988 நவம்பரில் வந்திறங்கியபோது இந்த நாட்டு அரசியலில் எனக்குத் தெரிந்த ஒரே பெயர், அப்போதைய கொன்சர்வேட்டிவ் பிரதமர் திருமதி தட்சருடையது. அவருடைய அரசாங்கம்தான் 1985இல், பொதுநலவாய நாடுகளுள் முதன்முதலாக, இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. இலங்கையில் 83 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு ஓடிவந்த எங்கள் சனத்தை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது. 1987 பெப்ரவரியில் திருப்பி அனுப்பப்படவிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர்கள் ஹீத்ரோவில் விமானம் ஏற மறுத்து, உடைகளைக் களைந்து உள்ளாடையுடன் நின்றார்கள். அந்த ஆண்டிலேயே, சரியான பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் என்று சட்டம் வந்தது. ஹாரிச் துறைமுகத்தில் ஒரு பழைய பயணிகள் கப்பலைத் தடுப்பு முகாமாக்கி, பெரும்பாலும் நம்மவரையே அதில் அடைத்துவைத்திருந்தார்கள். ஒக்டோபர்ப் புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போனது. இவ்வளவையும் கேள்விப்பட்டுக்கொண்டு வந்த எனக்கு, இந்தக் கட்சியை இங்கே மனதார விரும்புகிற ஒருவர் இருக்க முடியாது என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. அந்த அம்மையார் அதற்குள் 1979, 1983, 1987 என்று மூன்று தேர்தல்களை வென்றிருந்தார் என்பதை நான் கணக்கில் எடுக்கவேயில்லை.

எனக்குக் கிடைத்தது வட லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, இழுப்பறை வழியாகக் காசு வாங்கிச் சில்லறை கொடுக்க வேண்டும். என் ஆங்கிலம் முழுவதும் அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே வந்தது. 1992 தேர்தல் நெருங்கியபோது, பேச்சுப் பழகுகிற சாட்டில், வருகிறவர்களிடமெல்லாம் யாருக்கு வாக்கு என்று கேட்கத் தொடங்கினேன். ஏறத்தாழ எல்லோரும், டோரிகளின் பிரதான எதிர்க்கட்சியான தொழிற்கட்சி என்றார்கள், அல்லது "மாற்றம் வேண்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சிகரெட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். பத்திரிகைகளில் வந்த கருத்துக்கணிப்புகளும் தொழிற்கட்சி சிறிது முன்னிலை, எவருக்கும் பெரும்பான்மை இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தன. ஏப்ரல் 9ஆம் திகதி இரவு முழுவதும் வானொலியைத் திறந்தபடி வைத்திருந்தேன். விடியும்போது, தட்சருக்குப் பின் கொன்சர்வேட்டிவ் தலைவரான ஜோன் மேஜர் 21 ஆசனப் பெரும்பான்மையுடன் வென்றிருந்தார். அவருடைய கட்சிக்கு விழுந்த வாக்குகள் 1 கோடியே 40 இலட்சத்துக்கும் மேல், இந்த நாட்டில் அதுவரை எந்தக் கட்சியும் பெறாத தொகை. காலையில் அதே முகங்கள் வந்து பத்திரிகை வாங்கின. ஒருவர்கூட என் கண்ணைப் பார்க்கவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குக் 'கூச்சப்படும் டோரி' என்று பிறகு பெயரே வைத்தார்கள். 2015இலும் கணிப்புகள் இழுபறி என்றன. கொன்சர்வேட்டிவ் தலைவர் டேவிட் கெமரன் தனிப் பெரும்பான்மை பெற்றார்.

ஆகையால் என் முதல் எச்சரிக்கை: உணவறையில் உரத்துப் பேசுகிற இருவரை வைத்து நாட்டை அளக்காதீர்கள். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று இங்கே ஒருவரிடமும் நேராகக் கேட்காதீர்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைப் போன்ற குற்றம் அது. நான் அன்றைக்குப் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். வீடு எப்படி, தகப்பனார் என்ன வேலை பார்த்தார், பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனால் வாக்கு தானாக வெளியே வரும்.

உதாரணத்துக்கு, விடிகாலை நான்கு மணிக்குத் தேநீர் வாங்க வரும் ஒரு பஸ் சாரதி இருந்தார். உள்ளூராட்சி வாடகைக்குக் கொடுக்கும் கவுன்சில் வீட்டில் பிறந்து, கவுன்சில் வீட்டிலேயே வாழ்ந்தவர். 1980ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் குடியிருப்பாளருக்குக் கழிவு விலையில் வீட்டை வாங்கும் உரிமையைக் கொடுத்தபோது அவரும் வாங்கினார். முன்கதவுக்குத் தன் விருப்பப்படி நிறம் அடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் எனக்கு நாலைந்து தடவை விவரித்திருப்பார். அந்த ஒரு கதவுக்காக அவர் வாழ்நாள் முழுவதும் அந்தக் கட்சிக்குக் கடன்பட்டிருந்தார். எங்களுக்கு எண்ணெய் கொண்டுவரும் பவுசர் சாரதி யோர்க்ஷயர்க்காரர்; தகப்பன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, 1984-85 வேலைநிறுத்தத்தில் ஒரு வருடம் சம்பளமில்லாமல் இருந்தவர். தட்சரின் பெயர் வானொலியில் வந்தால் அவர் சத்தத்தைக் குறைத்துவிடுவார். இருவரும் பேசியது அதே பெண்மணியைப் பற்றி, அதே பத்து ஆண்டுகளைப் பற்றி. 1978-79 குளிர்காலத்தில் வேலைநிறுத்தங்களால் தெருவில் குப்பை மலையாகக் குவிந்து கிடந்ததைக் கண்ட தலைமுறைக்குத் தொழிற்சங்கங்களை அடக்கியது அந்த ஆட்சியின் பெரிய சாதனை. சுரங்கம் மூடப்பட்ட ஊரில் அதுவே பெரிய பாவம்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்களில் வேலை செய்து, சீட்டுப் பிடித்து, 1996இல் ஒரு சிறிய வீட்டை வாங்கிய பிறகு, காலையில் எழுந்ததும் வட்டிவீதத்தைத் தேடும் ஆளாக நானும் மாறிவிட்டேன். கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு இந்த நாட்டில் இருந்த மிகப் பெரிய மூலதனம், காசு விடயத்தில் கைகாரர்கள் என்ற நம்பிக்கைதான். சொந்த வீட்டுக்காரர்களிடம் அது மதநம்பிக்கையைப் போல இருந்தது. 1992 செப்டெம்பர் 16ஆம் திகதி பவுணைக் காப்பாற்ற முடியாமல், அதன் பெறுமதியை மற்ற ஐரோப்பிய நாணயங்களுடன் கட்டிவைத்த ஐரோப்பிய நாணய மாற்று ஏற்பாட்டிலிருந்து வெளியேறிய அன்று அந்த நம்பிக்கை உடைந்தது. 1997இல் அதற்குரிய விலையைக் கொடுத்தார்கள். 2022 செப்டெம்பர் 23இல் லிஸ் ட்ரஸ்ஸின் அரசாங்கம் கடன் வாங்கி வரி குறைக்கும் மினி பட்ஜெட்டைக் கொண்டுவந்து மோட்கேஜ் என்ற வீட்டுக் கடன் வட்டியை 6 வீதத்துக்கு மேல் ஏற்றியபோது மீண்டும் அதே கதை. அவர் 49 நாள்தான் பிரதமர். என் மகனுடைய மோட்கேஜ் அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அவனுக்கு அந்த 49 நாள் இன்னும் முடியவில்லை.

2010 முதல் 2024 வரையான காலத்தைப் பற்றிக் கேட்டால் பதில் பெரும்பாலும் வயதைப் பொறுத்துத்தான் வரும். பல்கலைக்கழகக் கட்டணத்தை 9,000 பவுணாக உயர்த்தியதையும், கவுன்சில்களின் பணத்தை வெட்டியதையும், தேசிய சுகாதார சேவையின் காத்திருப்புப் பட்டியல் 25 இலட்சத்திலிருந்து 75 இலட்சத்தைத் தாண்டியதையும் என் மகள் அடுக்கிச் சொல்வாள். கொரோனாக் காலத்தில் வேலையிழக்கவிருந்தவர்களுக்குச் சம்பளத்தில் 80 வீதத்தை அரசாங்கமே கொடுத்ததையும், தடுப்பூசி மற்ற நாடுகளை முந்திக்கொண்டு இங்கே வந்ததையும் நான் சொன்னால், "ஊரடங்கு நேரத்தில் பிரதமர் வீட்டிலேயே விருந்தும் நடந்தது அப்பா" என்பாள். அவள் சொல்வது சரிதான். யூகவ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்குப்படி, ஒருவர் தொழிற்கட்சியைவிடக் கொன்சர்வேட்டிவுக்கு வாக்களிக்கும் சாத்தியம் அதிகமாகும் வயது 2019இல் 39ஆக இருந்தது. 2024இல் அது 63க்கு ஏறிவிட்டது. வீடு வாங்க முடியாத தலைமுறையிடம் காப்பாற்ற என்ன இருக்கிறது? 2024 ஜூலை 4இல் 23.7 வீத வாக்கும் 121 ஆசனங்களும்தான் அவர்களுக்கு மிஞ்சின. ஆனால் வென்ற தொழிற்கட்சி எடுத்ததும் 33.7 வீதம்தான் என்பதையும், 14.3 வீதம் குடிவரவை எதிர்க்கும் ரிஃபோர்ம் கட்சிக்குப் போனதையும், 2025இல் அந்தக் கட்சியே கருத்துக்கணிப்புகளில் முன்னுக்கு வந்துவிட்டதையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் உணவறை வாதம் முப்பது ஆண்டுக்கு முந்திய இருமுனை வாதம். சனம் அதைவிட்டுப் போய் நாளாகிறது.

இனி உங்களுக்கு எந்தக் கட்சி நல்லது என்ற கேள்வி. விசாவை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டையும் நம்பாதீர்கள். 1968இல் கென்யாவிலிருந்து வந்த ஆசியர்களுக்குக் கதவைச் சாத்தியது தொழிற்கட்சி. 1972இல் உகண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டிய ஆசியர்களில் இருபத்தேழாயிரம் பேரளவில் உள்ளே எடுத்தது எட்வர்ட் ஹீத்தின் கொன்சர்வேட்டிவ் அரசாங்கம். குடிவரவைப் பத்தாயிரக் கணக்குக்குக் குறைப்போம் என்று 2010இல் சொல்லி வந்தவர்கள், படிப்பு முடித்த மாணவர் வேலை செய்யும் விசாவை 2012இல் மூடி, 2021இல் தாங்களே வேறு பெயரில் திறந்து, பராமரிப்பு வேலைக்கும் வழிவிட்டு, நிகரக் குடிவரவை ஒரு வருடத்தில் ஒன்பது இலட்சத்துக்கு மேல் கொண்டுபோய்விட்டுப் பயந்துபோய் 2024 ஏப்ரலில் திறன் தொழிலாளர் விசாவுக்கான சம்பள வரம்பை 38,700 பவுணாக உயர்த்தினார்கள். தொழிற்கட்சி வந்து 2025 ஜூலையில் அதை 41,700 ஆக்கியது. பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதையும் நிறுத்தியது. நிரந்தர வதிவிடத்துக்கான ஐந்து வருடத்தைப் பத்தாக்கும் யோசனையையும் வெளியிட்டது. இதே தொழிற்கட்சிதான் 2006இல் நான்கை ஐந்தாக்கியது. ஆகவே விண்ணப்பிக்கும் தகுதி வந்த அன்றே விண்ணப்பியுங்கள். தேர்தல் வரட்டும், சட்டம் மாறட்டும் என்று காத்திருந்தவர்கள் பலரை நான் பார்த்துவிட்டேன்.

அதைவிட என் நெஞ்சைச் சுடுவது நம்மவர் செய்கிற வேலை. இந்திய வம்சாவளியினரான ரிஷி சுனக் 2022 தீபாவளி நாளில் கொன்சர்வேட்டிவ் கட்சித் தலைவரானபோது எனக்கும் தொண்டை அடைத்தது, மறைக்க மாட்டேன். ஆனால் உகண்டாவிலிருந்தும் கென்யாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உள்துறை அமைச்சர்களாகி, அகதிகளை ருவாண்டாவுக்கு ஏற்றும் விமானத்துக்காக வாதாடியதைப் பார்த்துக் கைதட்டிய தமிழர்களும் இருக்கிறார்கள். பொய்க் கடவுச்சீட்டில் என்னுடன் வந்து, ஒரே அறையில் முறைவைத்துப் படுத்தவர் ஒருவர், இன்று தேர்த்திருவிழாவில் வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, "இப்போது வருகிற மாணவர்கள் சரியில்லை" என்று மேடையில் பேசுகிறார். ஏறிய ஏணியை எட்டி உதைக்கிற இந்தக் குணத்துக்குக் கட்சி பேதம் கிடையாது. தமிழர் எல்லோரும் ஒரே கட்சிக்கு என்று உங்களிடம் எவராவது சொன்னாலும் நம்பாதீர்கள். 2015இல் ஹரோ கிழக்கில் தொழிற்கட்சிக்காக நின்று தோற்ற உமா குமரன், 2024இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் வென்று பாராளுமன்றத்துக்குப் போன முதல் தமிழரானார். அதே நாளில், நாடு முழுவதும் கவிழ்ந்த கொன்சர்வேட்டிவ் கட்சி அதே ஹரோ கிழக்கில் பாதிக்கு மேற்பட்ட வாக்குடன் நிலைத்தது. இரண்டு இடத்திலும் நம் சனம் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். நீங்கள் பொதுநலவாய நாட்டுக் குடிமகன். விசாவுடன் இங்கே வசிப்பதால் பொதுத் தேர்தலிலும் வாக்களிக்க உங்களுக்கு இப்போதே உரிமை உண்டு. ஐரோப்பியர் பலருக்கு இல்லாத உரிமை அது. எங்கள் ஈஸ்ட்ஹாம் வீட்டில் ஏழு ஆண்கள் இருந்தோம். 1990இல் தட்சர் தலைக்கு இவ்வளவு என்று வரி கொண்டுவந்தபோது, வீட்டுக்காரர் படிவத்தில் இரண்டு பெயரை மட்டும் எழுதிவிட்டு, மற்ற ஐவரும் அங்கே இல்லவே இல்லை என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். வரி மிச்சம் என்று நாங்களும் சிரித்தோம். அதே பயத்தில் நாடு முழுவதும் பலர் வாக்காளர் இடாப்பிலிருந்து காணாமல் போனார்கள். சில வருடங்களின் பின் வதிவிட விண்ணப்பத்துக்காக நான் அந்த வீட்டில் இருந்ததை நிரூபிக்க வேண்டி வந்தபோது, என்னிடம் இருந்தவை பெற்றோல் நிலையச் சம்பளத் துண்டுகளும் சில கோயில் அர்ச்சனை ரசீதுகளும்தான். வழக்கறிஞர் ரசீதுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் நட்சத்திரம் இருக்கிறது, விலாசம் இல்லையே என்றார்.

இப்போது வீட்டுக்காரரை நம்பியிருக்கத் தேவையில்லை. தேசிய காப்புறுதி இலக்கம் கையில் இருந்தால் நீங்களே இணையத்தில் ஐந்து நிமிடத்தில் இடாப்பில் பதிந்துகொள்ளலாம். வங்கிகள் கடன் தகுதியைப் பார்க்கும்போதும் அது உதவும். வாக்குச் சாவடிக்குப் படத்துடன் கூடிய அடையாளம் வேண்டும் என்று டோரிகள் 2023இல் நடைமுறைப்படுத்தினார்கள். உங்கள் கடவுச்சீட்டே போதும். அறை எடுக்கிற இடம் ஹரோவோ ஈஸ்ட்ஹாமோ, குடிபுகுந்த கிழமையே பதிந்துவிடுங்கள்.