தொல்லியலாளர், ஆசிரியர், ராணுவ அதிகாரி: மார்டிமர் வீலரை நாம் எதற்கு நினைவில் வைத்திருக்க வேண்டும்?

நீங்கள் தொல்லியல் மாணவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். வீலர் என்றால் சதுரம் சதுரமாகக் குழி போட்டவர் என்று இரண்டு மதிப்பெண் பதிலோடு வகுப்பில் முடித்திருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் முடித்தார்கள்.

எனக்கு அவர் யாரென்று புரிந்தது முதல் அகழாய்வுப் பயிற்சியில். மூன்றாம் நாள், குழியின் சுவரில் ஒரு கறுப்பு சிவப்புக் கிண்ணத்தின் விளிம்பு தெரிந்தது. சார் பக்கத்துக் குழியில் இருந்தார். கரண்டியால் சுற்றிலும் நோண்டி இழுத்துவிட்டேன். கிண்ணம் உடையாமல் வந்தது, கூடவே இரண்டு கையளவு மண்ணும் சரிந்தது. சார் வந்து பார்த்தார். திட்டவில்லை. "எந்த அடுக்குலேருந்து எடுத்தேப்பா?" என்று மட்டும் கேட்டார். மேலே சாம்பல் மண், கீழே செம்மண். இரண்டையும் பிரித்த கோடு நான் நோண்டிய ஓட்டைக்குள் போய் மறைந்துவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. அடுக்கு தெரியாவிட்டால் கிண்ணத்தின் காலமும் தெரியாது. சுவரில் தண்ணீர் தெளித்து, சீவி, நூல் கட்டி, முழுச் சுவரையும் கிராஃப் தாளில் வரையச் சொன்னார். ஓட்டை இருந்த இடத்தை வெள்ளையாகவே விடச் சொன்னார். வரைந்து முடிக்க இருட்டிவிட்டது.

சுவரின் அடுக்குகளைப் படித்து வரையும் இந்தப் பழக்கத்தைப் பரப்பியவர் வீலர். அன்று இரவு கூடாரத்தில் சார்தான் அவருடைய கதையைச் சொன்னார். 1913இல் இங்கிலாந்தில் ராக்ஸெட்டர் அகழாய்வில் ஒன்றாக வேலை செய்த ஐந்து மாணவர்களில், முதல் உலகப்போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர் வீலர் ஒருவர்தான். பீரங்கிப் படையில் இருந்து, மிலிட்டரி கிராஸ் பதக்கத்தோடு திரும்பினார். கற்றுக்கொடுப்பதில் அவருக்கு இருந்த வெறிக்கு அந்த நான்கு பேர்தான் காரணம் என்பது என் எண்ணம். ஒரு தலைமுறையே போய்விட்டது, அடுத்ததை உருவாக்கியாக வேண்டும். மனைவி டெஸ்ஸாவும் அவரும் சேர்ந்து லண்டனில் தொல்லியலுக்கென்று ஒரு கல்வி நிறுவனத்துக்குப் பாடுபட்டார்கள். 1937இல் அது திறந்தபோது டெஸ்ஸா உயிரோடு இல்லை. அந்த அம்மாவின் உழைப்பை யாரும் பேசுவதில்லை என்பது எனக்குத் தனி வருத்தம்.

இரண்டாம் போரிலும் போனார். எகிப்தில் எல் அலமெய்ன் சண்டையில் இருந்தார். படை லிபியாவில் முன்னேறியபோது, லெப்டிஸ் மாக்னாவின் ரோமானிய இடிபாடுகளை தன் பக்கத்துப் படையினரே சேதப்படுத்திவிடக் கூடாதென்று ஏற்பாடு செய்தார். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தட்சசீலத்தில் மாணவர்களுக்குக் களப்பயிற்சிப் பள்ளி. பின்னாளில் பெயர் பெற்ற தொல்லியலாளர் பி.பி. லால் போன்றவர்கள் அங்கே தயாரானவர்கள்தான்.

அப்புறம் நம் அரிக்கமேடு. சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் அலமாரியைத் துழாவும்போது ரோமானியர் மதுவும் எண்ணெயும் அனுப்பிய ஆம்போரா ஜாடியின் கழுத்தும் கைப்பிடியும் அவர் கையில் பட்டன. அது எங்கிருந்து வந்ததென்று தேடிப் புதுச்சேரிக்குப் போய், 1945இல் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ வகைப் பானை ஓடுகள் கிடைத்தன. அந்த வகை கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. அப்படியானால் அது கிடைத்த அடுக்குக்கு ஒரு காலம் கிடைக்கிறது, அதே அடுக்கில் கிடந்த நம்மூர்ப் பானைகளுக்கும் அதே காலம். அந்தப் பிடியை வைத்துத்தான் 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில், பெரிய கற்களால் ஈமச்சின்னம் எழுப்பிய பெருங்கற்காலத்துக்குக் காலம் கணித்தார். ஆண்டு எழுதாத மண்ணில் ஆண்டைப் படிக்க வழி காட்டினார். அந்தப் பானைத் துண்டை யாராவது என்னைப் போல இழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வெள்ளைக்காரருக்குக் கொடி பிடிக்கிறேன் என்று யாராவது சொல்வீர்கள். இல்லை. அரிக்கமேட்டின் அருமையை அவருக்கு முன்பே உணர்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய். மொகஞ்சதாரோவில் ஆரியர்கள் படுகொலை செய்தார்கள் என்று வீலர் சொன்னது தவறு, 1964இலேயே அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் அதை மறுத்துவிட்டார். அரிக்கமேடு ரோமானியர் வருவதற்கு முன்பே இருந்த ஊர் என்று 1989–92 அகழாய்வில் தொல்லியலாளர் விமலா பெக்லி காட்டினார். ஆனால் அவரைத் திருத்தியவர்களும் அவரைப் போலவே அடுக்கு பார்த்துத்தான் திருத்தினார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அரிக்கமேடு அறிக்கை வந்த 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழ் எங்கள் கல்லூரி நூலகத்தில் இருந்தது, பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள். கேட்கும்போதெல்லாம் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். இரண்டு வருடமும் அட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். பிள்ளைகள் தொட்டால் கிழிந்துவிடும் என்றால் எதற்கு வாங்கினார்கள்?

இப்போது அது இணையத்திலேயே கிடைக்கிறது. 2ஆம் இதழ், 1946. பாடத்தைப் படிப்பதற்கு முன்னால் குழிச் சுவர்ப் படங்களை மட்டும் ஒரு மணி நேரம் பாருங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் எண் போட்டிருக்கும்.