பெயர்ப் பட்டியல் வேறு, பேட்டிங் வரிசை வேறு

கேள்வி: டெக்சாஸில், நகரப் பூங்காத் துறை நடத்தும் ஆண்-பெண் கலப்பு ஸ்லோபிட்ச் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்றது, பந்தை மெதுவாக வீசி ஆடுவது) லீக்கில் எங்கள் அலுவலக அணி ஆடுகிறது. கிரிக்கெட் மட்டுமே பார்த்து வளர்ந்த என்னை இந்தப் பருவத்தில் மேனேஜராக்கிவிட்டார்கள். சென்ற ஆட்டத்துக்கு ஒரு பெண் வரவில்லை. பக்கத்து மைதானத்தில் ஆடி முடித்த வேறோர் அணிப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டோம். ஜெயித்தோம்; ஆனால் எதிரணி புகார் கொடுத்து வெற்றியைப் பறித்துக்கொண்டது. அதே ஆட்டத்தில் எங்களில் ஒருவர் முறை மாறி அடித்தார். அம்பயரோ அடிக்காத இன்னொருவரை அவுட் என்றார். இது என்ன நியாயம்? மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: உங்களுக்கு நேர்ந்தவை இரண்டு வேறு வழக்குகள். முதலாவது, அந்த ஆட்டக்காரருக்கு உங்கள் அணியில் ஆடவே உரிமை உண்டா என்பது. அதை லீக் நிர்வாகம் முடிவு செய்யும். தண்டனை முழு ஆட்டத்தையும் பாதிக்கும். இரண்டாவது, உரிமை உள்ளவர் தன் முறையில் அடித்தாரா என்பது. அது அம்பயர் கையில் இருக்கும் லைன்அப் கார்டின், அதாவது யார் எந்த வரிசையில் அடிப்பார் என்று எழுதிய தாளின் விஷயம். பெரும்பாலும் ஓர் அவுட்டோடு முடிந்துவிடும்.

பல நகர லீக்குகள் யூஎஸ்ஏ சாஃப்ட்பால் அமைப்பின் விதிப்புத்தகத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதன்மேல் தங்கள் சொந்த விதிகளைச் சேர்க்கின்றன. இரண்டும் முரண்பட்டால் உள்ளூர் விதியே செல்லும். பழைய தாள்களில் 'ஏஎஸ்ஏ விதிகள்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1933-இல் தொடங்கிய அதே அமைப்புதான் 2017-இல் பெயர் மாற்றிக்கொண்டது.

முதலில் அந்தப் பெண். ரோஸ்டரில் (லீக்கில் பதிந்த அணிப் பெயர்ப் பட்டியலில்) பெயர் இருக்க வேண்டும், பொறுப்புத்துறப்புப் படிவத்தில் கையெழுத்து இருக்க வேண்டும், குறித்த தேதிக்குப் பிறகு புதுப் பெயர் சேர்க்க முடியாது, ஒரே பிரிவில் இரண்டு அணிகளுக்கு ஆட முடியாது: பெரும்பாலான லீக்குகளின் நிபந்தனைகள் இவைதாம். பருவ முடிவுச் சுற்றான பிளேஆஃபில் ஆட, பருவத்தில் குறைந்தபட்சம் இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் இருக்கிறது. வார நாளில் வேலை முடிந்து வந்து ஆடுகிறவர்களுக்கு எதிரே போட்டி விளையாட்டில் ஊறிய ஒருவரைக் கடைசி நேரத்தில் இறக்கி வெற்றியைத் தட்டிச் செல்லும் மேனேஜர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் எண்ணம் அதுவல்ல என்று நம்புகிறேன். ஆனால் விதி எண்ணத்தைப் பார்ப்பதில்லை. உரிமையில்லாதவர் ஆடினால் ஆட்டம் பறிமுதல், அதாவது தோற்றதாகக் கணக்கு. ஸ்கோர் எதிரணிக்குச் சாதகமாக 7-0 என்று பதிவாகும்.

வேறு வழி இருந்ததா? இருந்தது. ஐந்து ஆண், ஐந்து பெண் என்ற பத்துப் பேரில் ஒருவர் குறைந்தாலும் ஆட்டத்தைத் தொடங்கப் பல லீக்குகள் அனுமதிக்கின்றன. வராதவரின் இடத்தை வரிசையின் கடைசியில் காலியாக விட வேண்டும். அந்த முறை வரும்போதெல்லாம் ஓர் அவுட். ஒரு மணி நேர ஆட்டத்தில் அது மூன்று நான்கு அவுட்டுக்கு மேல் போகாது. வலிக்கும், ஆனால் ஆட்டம் பறிபோவதைவிட மலிவு. சில லீக்குகள் எதிரணி மேனேஜர் சம்மதித்தால் வெளியாளைச் சேர்க்க விடுகின்றன. அப்படியானால் முதல் பந்துக்கு முன்பே அவரிடமும் அம்பயரிடமும் சொல்லி, கார்டிலும் எழுதிவிடுங்கள். ஆட்டம் முடிந்தபின் சொன்ன உண்மைக்கு மதிப்பில்லை.

இனி வரிசைக் குழப்பம். கிரிக்கெட்டில் அடுத்து யார் இறங்குவது என்பதைக் கேப்டன் ஆட்டத்தின் நடுவில்கூட மாற்றலாம். இங்கே கார்டு அம்பயரிடம் போனதும் வரிசை உறைந்துவிடும். கலப்பு ஆட்டத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடிக்க வேண்டும் என்பதால் தவறு நேர வாய்ப்பும் அதிகம்.

நான்காவது கார்த்திக், ஐந்தாவது மீனா, ஆறாவது ஜோ என்று வைத்துக்கொள்வோம். கார்த்திக் முறையில் ஜோ போய் நிற்கிறார். அவர் அடித்து முடிப்பதற்குள் தெரிந்துவிட்டால் கார்த்திக் உள்ளே வருவார். அதுவரையான பால் (சரியான எல்லைக்கு வெளியே போன, பேட்டர் அடிக்க முயலாத வீச்சு), ஸ்டிரைக் (எல்லைக்குள் வந்த அல்லது அடிக்க முயன்று தவறவிட்ட வீச்சு) எண்ணிக்கை அவர் தலையில் சேரும். யாரும் அவுட் இல்லை. ஜோ அடித்து முடித்த பிறகு, அடுத்த பந்து வீசப்படுவதற்குள் எதிரணி முறையிட்டால், அவுட் ஆவது முறை தவறவிட்ட கார்த்திக். ஜோ பேஸிலிருந்து (அடித்தபின் ஓடிப் போய் நிற்கும் இடத்திலிருந்து) இறங்க வேண்டும், அவர் அடியால் முன்னேறிய ரன்னர்கள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், அடுத்து அடிப்பவர் மீனா. அடுத்த பந்து வீசப்பட்டுவிட்டால் எல்லாம் செல்லும். ஜோவுக்கு அடுத்த ஏழாவது ஆள்தான் அடிக்க வேண்டும். கார்த்திக்கும் மீனாவும் அந்தச் சுற்றில் முறையை இழப்பார்கள், அவுட் இல்லாமல்.

இதில் ஒரு சூட்சுமம்: முடிந்துபோன தவறை அம்பயர் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார். எதிரணி முறை மாறி அடித்தால் நடுவில் கத்தாதீர்கள். அடித்து முடிக்கட்டும், அப்புறம் கை தூக்குங்கள். உங்கள் அணி என்றால் உடனே கத்துங்கள். அதற்கு ஸ்கோர்புக்கை வைத்துக்கொண்டு ஒருவர் பெஞ்சில் உட்கார வேண்டும். களத்தில் மூன்றாம் பேஸ் காக்கும் மேனேஜரால் இதைச் செய்ய முடியாது.

வரிசை அமைக்கும்போது வாக் (நான்கு பால் விழுந்தால் அடிக்காமலே பேஸுக்குப் போவது) விதியையும் கணக்கில் எடுங்கள். ஆண் பேட்டரை நான்கு பாலில் அனுப்பினால் அவருக்கு நேராக இரண்டாம் பேஸ். அடுத்து வரும் பெண் அடித்தாக வேண்டும். இரண்டு அவுட் விழுந்திருந்தால் மட்டும் அவர் விரும்பினால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகலாம். ஆகவே உங்கள் பலமான ஆணுக்குப் பின்னால் நன்றாக அடிக்கும் பெண்ணை வையுங்கள். பெண்களை வரிசையில் ஒப்புக்குச் செருகும் அணிகள் இங்கேதான் தோற்கின்றன.

மாற்று ஆட்டக்காரர்கள் இங்கே பேட்டும் செய்யலாம். தொடக்க ஆட்டக்காரர் வெளியேறி ஒருமுறை திரும்பலாம், அதே வரிசை எண்ணில் மட்டும். வந்திருக்கும் எல்லோரும் அடிக்கலாம் என்று உங்கள் லீக் வைத்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. ஓடமுடியாதவருக்குப் பதில் ஓட ஆள் விடும்போது, அடுத்த சில இடங்களில் அடிக்க வேண்டியவரை அனுப்பாதீர்கள். பேஸில் நிற்கும்போதே அவர் முறை வந்துவிட்டால் ரன்னராக அவர் அவுட்.

மேல்முறையீடு பற்றி: ரோஸ்டரில் பெயர் இல்லாததால் பறிமுதல் முடிவு மாறாது. வரிசைத் தவறில், எதிரணி அடுத்த பந்துக்கு முன் முறையிட்டிருந்தால் அம்பயர் செய்தது சரி. அதற்குப் பிறகு முறையிட்டும் அவுட் கொடுத்திருந்தால் விதியைத் தவறாகப் பயன்படுத்தியதாக நீங்கள் ஆட்சேபித்திருக்கலாம். ஆனால் அதையும் அடுத்த பந்து வீசப்படும் முன் அம்பயரிடம் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அந்த வாய்ப்பு போய்விட்டது.